விரல் அறியாத பதம்

"மச்சான், கைல என்ன கொப்புளம்?" என்று லொரேன் கேட்ட பிறகுதான் பாஸ்கோல் தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தான். ஆள்காட்டி விரல் நுனியில் புளியங்கொட்டை அளவுக்கு நீர் கோத்து நின்றது. காலையில் அடுப்பிலிருந்து தகரத் தட்டை இழுத்தபோது பட்டிருக்க வேண்டும். பட்டதும் தெரியவில்லை, சுட்டதும் தெரியவில்லை.

"அதுவா, நேத்தே இருந்துச்சு" என்று சமாளித்தான்.

"வலிக்கல?"

"ரொட்டிக்காரன் கைடா. இதுக்கெல்லாம் வலிச்சா பொழைப்பு ஓடுமா?"

லொரேன் சிரித்துக்கொண்டே ரொட்டிக் கூடையைச் சைக்கிளில் கட்டி, ரப்பர் ஹாரனை அமுக்கியபடி கிளம்பினான். அவன் பாஸ்கோலின் மனைவி கொன்சுவுக்குத் தம்பி. நாற்பது தாண்டியும் கல்யாணம் செய்துகொள்ளாதவன். காலையும் மாலையும் எங்கள் ஊர் வாசல்தோறும் பாவ் ரொட்டி கொண்டுபோய்க் கொடுப்பான். திரும்பி வரும்போது அத்தனை வாசல் பேச்சையும் காலிக் கூடையில் போட்டுக்கொண்டு வருவான்.

சைக்கிள் சத்தம் மறைந்ததும் பாஸ்கோல் அடுப்புக்குப் பின்னால் போனான். சட்டையில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றி ஆள்காட்டி விரலில் குத்தினான். ஒன்றுமில்லை. கட்டை விரலில் குத்தினான். யாரோ கம்பளிக்கு வெளியே நின்று தொடுவதுபோல் இருந்தது. நடுவிரலில் ரத்தம் துளிர்த்த பிறகும் வலி வரவில்லை. விறகுக் கட்டின்மேல் உட்கார்ந்துவிட்டான்.

அந்த வியாதியின் பெயரை எங்கள் ஊரில் யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டோம். பாஸ்கோல் வாலிபனாக இருந்தபோது ஆற்றுக்கு அப்பால் மாத்தேயு என்று ஒரு தச்சன் இருந்தான். கையில் உணர்ச்சி போய், சூடு பட்டால்கூடத் தெரியாமல் இருந்தவனைக் கன்னியாஸ்திரிகளின் விடுதிக்குக் கொண்டுபோனார்கள். அவன் திரும்பி வரவில்லை. அவன் செய்து கொடுத்த நாற்காலிகளை ஒவ்வொரு வீட்டிலும் முற்றத்தில் போட்டு எரித்ததை பாஸ்கோல் கண்ணால் பார்த்திருக்கிறான். உட்கார்கிற நாற்காலிக்கே அந்தக் கதி என்றால், வாயில் வைக்கிற ரொட்டிக்கு?

பாஸ்கோலுக்குத் தெரிந்த தொழில் முழுவதும் அந்த விரல்களில்தான் இருந்தது. மைதாவும் உப்பும் தண்ணீரும் தென்னங்கள்ளும் சேர்த்து மரத்தொட்டியில் பிசைவான். முதலில் மாவு சேறாக ஒட்டும். பிறகு முரண்டு பிடிக்கும். பிறகு ஒரு நேரம் வரும். அதற்குப் பெயர் கிடையாது. விரல் வைத்தால் மாவு திரும்பித் தள்ளும், ஆனால் சண்டை போடாது. அப்போது கையை எடுத்துவிட வேண்டும். கொஞ்சம் முன்னால் எடுத்தால் ரொட்டி உதிரும். விடாமல் பிசைந்துகொண்டே இருந்தால் கைச்சூட்டில் கள் பொங்கி மாவு தளர்ந்துவிடும். இதையெல்லாம் யோசித்துச் செய்தவன் இல்லை அவன். கை சொல்லும், நிறுத்துவான். இப்போது கை ஒன்றும் சொல்லவில்லை.

அன்று மதியம் பிசைந்த மாவில் குருட்டாம்போக்காகக் கையை எடுத்தான். மாலை லொரேன் கூடையில் பாதி ரொட்டியோடு திரும்பி வந்தான்.

"மச்சான், எஸ்மெரால்டா டீச்சர் என்ன கேட்டாங்க தெரியுமா? இது பாவா, சாக்பீஸா? போர்டுல எழுதிப் பாக்கட்டுமான்னு."

"மைதா சரியில்ல."

"கார்மின் வீட்ல நாய்க்குப் போட்டாங்களாம். அது மோந்து பாத்துட்டு என் மூஞ்சியப் பாத்துச்சு."

"மைதா சரியில்லன்னு சொன்னேன்ல!" என்று பாஸ்கோல் கத்தினான். லொரேன் கூடையைக் கீழே வைத்தான். மச்சான் கத்தி அவன் கேட்டதில்லை.

மறுநாள் பயத்தில் வெகுநேரம் பிசைந்தான். தோள் கழன்று போகிற மட்டும் பிசைந்தான். மாவு தளர்ந்து, ரொட்டி தட்டையாக, வெளிறி வந்தது. இடது கையால் தொட்டுப் பார்த்தான். அதற்கு உணர்ச்சி இருந்தது. ஆனால் மாவைத் தொட்டு நின்றது, அவ்வளவுதான். இத்தனை வருடமும் தள்ளவும் மடிக்கவும் துணைக்கு வந்த கை அது. தீர்ப்புச் சொல்லிப் பழகாத கை.

அதன்பிறகு அவன் பேக்கரிக் கதவைச் சாத்திக்கொண்டு பிசைய ஆரம்பித்தான்.

கொன்சு இதையெல்லாம் கவனிக்காமல் இல்லை. அவளுக்கு உறுத்தியது ரொட்டி மட்டும் அல்ல. பிள்ளைகள் இரண்டு பேரும் கப்பல் வேலைக்குப் போனபின் ஒரே தட்டில் மீனைப் பிய்த்துச் சாப்பிடுகிறவர்கள் அவர்கள். இப்போது பாஸ்கோல் தனித்தட்டு எடுத்தான். தன் டம்ளரைத் தானே கழுவிக் கவிழ்த்தான். முதுகு வலி என்று சொல்லிக் கூடத்து பெஞ்சில் படுத்தான். ஞாயிற்றுக்கிழமை பூசையில், சமாதானம் சொல்லிக் கைகொடுக்கிற நேரத்தில், இரண்டு கையையும் கட்டிக்கொண்டு பீடத்தையே பார்த்து நின்றான். பக்கத்தில் நின்ற கொன்சு நீட்டிய கை அப்படியே காற்றில் நின்றது.

பாஸ்கோல் மாவுக்குக் கள்ளு வாங்கத் தினமும் சபீனாவின் கடைக்குப் போகிறவன். சபீனா விதவை. சிரித்த முகம். கொன்சுவுக்கு வேறு காரணம் தேட வேண்டியிருக்கவில்லை.

ஒருநாள் மதியம் கதவு சாத்தியிருந்தது. உள்ளே பிசைகிற சத்தம் கேட்டது, நின்றது. வெகுநேரம் ஒன்றும் கேட்கவில்லை. கொன்சு விறகு அடுக்கின்மேல் ஏறி ஜன்னலில் எட்டிப் பார்த்தாள்.

பாஸ்கோல் தொட்டிமேல் குனிந்து, கண்ணை மூடி, கன்னத்தை மாவில் வைத்துக்கொண்டிருந்தான். பிறகு முகத்தைத் திருப்பி உதட்டை வைத்தான்.

விறகு சரிந்து கொன்சு கீழே விழுந்தாள். எழுந்து, முழங்கை ரத்தத்தோடு கதவை இடித்தாள். "திற! இப்பத் திற!"

திறந்தவனின் ஒரு கன்னம் முழுக்க மாவு.

"என்ன பண்ணிக்கிட்டிருந்த?"

"மாவு பாத்தேன்."

"கன்னத்தாலயா? பதம் பாக்கக் கை இல்ல உனக்கு? எந்தச் சிறுக்கி வச்ச மருந்துடா இது, மாவைப் போய்க் கொஞ்சற? சபீனாவா?"

"சபீனாவா?" பாஸ்கோல் ஒன்றும் புரியாமல் பார்த்தான். பிறகு அவன் வாய் கோணியது. சிரிக்கப் போகிறான் என்றுதான் கொன்சு நினைத்தாள். அவன் அழுதான். சொல்ல ஆரம்பித்தவன், மாத்தேயு தச்சன் வரைக்கும், கொப்புளம் வரைக்கும், தனித்தட்டு வரைக்கும் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தான்.

கொன்சு அவன் கையைப் பிடித்தாள்.

"தொடாத" என்று இழுத்தான்.

அவள் விடவில்லை. ஆள்காட்டி விரலை வாயில் வைத்து நறுக்கென்று கடித்தாள்.

"வலிக்குதா?"

"இல்ல."

நடுவிரலைக் கடித்தாள். "இது?"

"இல்ல, கொன்சு."

அவள் கண் நிறைந்தது. ஆனாலும் அழவில்லை, கோபப்பட்டாள். "எங்கிட்ட சொல்லாம ஊருக்கெல்லாம் ரொட்டி போட்டுக்கிட்டிருந்திருக்க. உன் தட்டை மட்டும் தனியா வச்சா எல்லாம் சரியாயிடுமா?"

"நெருப்புல வேகுதே, ஒண்ணும் ஒட்டாதுன்னு நெனச்சேன். அப்புறம் வெளிய எடுக்கறதும் நான்தானேன்னு நெனச்சா தூக்கம் வரல. ரொட்டிய நிறுத்தினா ஏன்னு கேப்பாங்க. நிறுத்தலன்னா..." அவன் முடிக்கவில்லை.

"நாளைக்கு மட்காவ் போறோம். பெரிய ஆஸ்பத்திரிக்கு."

"திருநாள் வருது. ஃபாதர் விருந்துக்கு ரொட்டி சொல்லியிருக்காரு."

"நான் பிசையறேன்."

"உனக்குப் பதம் தெரியாது."

"உனக்கும்தான் இப்பத் தெரியல" என்றாள் கொன்சு.

மறுநாள் பஸ்ஸில் எஸ்மெரால்டா டீச்சர் முன்னாலேயே உட்கார்ந்திருந்தாள். ஊரில் பாதிப் பேருக்குப் பாடம் சொன்னவள். ஓய்வு பெற்றும் கேள்வி கேட்பதை நிறுத்தாதவள்.

"எங்க, ரெண்டு பேரும் சேர்ந்து?"

"பல் டாக்டருகிட்ட" என்றாள் கொன்சு.

"யாருக்குப் பல்லு?"

"எனக்கு" என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

டீச்சர் இருவர் வாயையும் மாறி மாறிப் பார்த்தாள். "அந்த ரொட்டியச் சாப்பிட்டா பல்லு போகத்தான் செய்யும்" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஆனால் அவளும் ஆஸ்பத்திரி வாசலில்தான் இறங்கினாள். முழங்கால் வலியாம். எலும்புப் பிரிவும் தோல் பிரிவும் ஒரே தாழ்வாரத்தில் எதிரெதிரே இருந்தன. தோல் டாக்டரின் அறைக்கு வெளியே வரிசையில் உட்கார்ந்திருந்த பாஸ்கோல், எதிர் பெஞ்சிலிருந்து டீச்சர் கண்ணாடியை ஏற்றிவிட்டு அவர்கள் தலைக்கு மேலிருந்த தோல் பிரிவுப் பலகையைப் படிப்பதைப் பார்த்தான். "முடிஞ்சுது" என்று கொன்சுவின் காதில் சொன்னான்.

டாக்டர் இளம்பெண். அவன் சட்டையைக் கழற்றச் சொல்லி முதுகு, முழங்கை, காது மடல் எல்லாம் விளக்கு வெளிச்சத்தில் பார்த்தாள். பஞ்சால் தொட்டாள், ஊசியால் தொட்டாள். சுண்டுவிரலைத் தொட்டபோது அவன் கையை இழுத்துக்கொண்டான்.

"இது தெரியுதா?"

"நல்லாத் தெரியுது."

"நீங்க சொன்ன அந்த வியாதி பெரும்பாலும் முதல்ல இந்த விரலைத்தான் பிடிக்கும். உடம்புல தேமலும் இல்ல. வேலை என்ன பண்றீங்க?"

"ரொட்டி. மாவு பிசையறது."

அவள் அவன் மணிக்கட்டின் உள்பக்கத்தில் விரலால் தட்டினாள். மின்சாரக் கம்பியைத் தொட்டவன்போல் பாஸ்கோல் துள்ளினான். செத்துக் கிடந்த மூன்று விரல்களிலும் சுரீரென்று பாய்ந்தது.

"மணிக்கட்டுல நரம்பு நசுங்கியிருக்கு, நீங்க பயப்படற அந்த வியாதி இல்லன்னுதான் நெனைக்கிறேன். எதுக்கும் தோல்ல கொஞ்சம் சுரண்டி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பறேன். நரம்புக்கும் ஒரு டெஸ்ட் எடுத்துடலாம். அடுத்த வாரம் வாங்க."

வழி முழுக்கக் கொன்சு, "இல்லன்னு சொல்லிட்டாங்கல்ல, இல்லன்னு சொல்லிட்டாங்கல்ல" என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். பாஸ்கோல் காதில் "நெனைக்கிறேன்" என்பது மட்டும்தான் விழுந்திருந்தது. அடுத்த வாரத்துக்கு முன்னால் செபஸ்தியார் திருநாள் வந்துவிடும்.

திருநாள் காலையில் வெயில் ஏறுவதற்குள் கொன்சு கையைக் கழுவிக்கொண்டு தொட்டி முன்னால் நின்றாள். பாஸ்கோல் சுவரோரம், கைகளை அக்குளில் செருகிக்கொண்டு நின்றான். முடிவு தெரிகிறவரை மாவைத் தொடுவதில்லை என்று அவன் மாதாவுக்கு நேர்ந்திருந்தான். விஷயம் தெரியாத லொரேன் வாசலில் நின்று வேடிக்கை பார்த்தான்.

"அக்கா பிசையறாளா? அப்போ விருந்துக்கு வர்றவங்ககிட்ட எல்லாம் முன்னாடியே கையெழுத்து வாங்கிடணும். பல்லுக்கு நாங்க பொறுப்பில்லன்னு."

"போய் விறகு எடுத்துட்டு வா, வாயாடி" என்று கொன்சு விரட்டினாள்.

வருடக்கணக்காக அவள் உருண்டை பிடித்திருக்கிறாள், தட்டில் அடுக்கியிருக்கிறாள், ஆனால் பிசைந்ததில்லை. தள்ளினாள், மடித்தாள், திருப்பினாள். நெற்றியில் வேர்வை ஓடியது.

"எப்படி இருக்கு?" என்றான் பாஸ்கோல்.

"மாவு மாதிரி இருக்கு."

"கொன்சு!"

"வேற என்ன சொல்ல? ஒட்டுது."

"எங்க ஒட்டுது? உள்ளங்கைலயா, விரல் இடுக்குலயா?"

"எல்லா இடத்துலயும்."

"அப்போ இன்னும் வரல. பயந்து மாவு தூவிடாத. விடாமத் தள்ளு."

பாஸ்கோலின் கைக்கும் மாவுக்கும் நடுவில் இதுவரை பேச்சே இருந்ததில்லை. இப்போது ஒவ்வொன்றையும் வார்த்தையாக்கிக் கேட்க வேண்டியிருந்தது. சரியான வார்த்தை கேட்கிறோமா என்பதும் தெரியவில்லை. வெளியே கோயில் மணி அடித்தது. பூசை தொடங்கிவிட்டது. பூசை முடிந்து, செபஸ்தியார் பவனியும் முடிந்தால் விருந்துதான்.

"இப்போ?"

"கையை விட்டு வருது. ஆனா இழுத்தா திரும்பி ஓடுது, மாட்டேங்குது."

"ஓடட்டும். கொஞ்சம் மூடி வை, மூச்சு விடட்டும். அப்புறம் திரும்பப் பிசை."

மூடி வைத்தாள். திரும்பவும் பிசைந்தாள்.

"கட்டை விரலால அழுத்து. குழி அப்படியே நிக்குதா?"

"நிக்குது... இல்ல, ஏறுது. பாதி ஏறி நின்னுடுச்சு."

"பாதியா, முக்காலா?"

"பாஸ்கோல், அளவுகோல் கொண்டு வரவா?"

"ஒரு எலுமிச்சை அளவு கிள்ளு. ரெண்டு கைலயும் மெதுவா விரி. ஜன்னல் வெளிச்சத்துல பிடி."

கிள்ளி விரித்தாள். கிழிந்தது.

"கிழிஞ்ச ஓரம் எப்படி இருக்கு? பல்லு பல்லாவா, வழவழன்னா?"

"பல்லு பல்லா."

"இன்னும் கொஞ்சம்."

கொன்சுவின் முழங்கைக் காயம் திறந்துகொண்டது. அவள் துணியைச் சுற்றிக்கொண்டு மறுபடி தள்ளினாள். பாஸ்கோலின் கால்கள் தானாகத் தொட்டியை நோக்கி நகர்ந்தன. அவனே அவற்றைப் பின்னால் இழுத்துக்கொண்டான். அவள் இன்னொரு துண்டைக் கிள்ளி ஜன்னலுக்கு நேராக விரித்தாள். மாவு விரிந்தது. இன்னும் விரிந்தது. கொன்சு மூச்சை அடக்கிக்கொண்டாள்.

"கம்பி தெரியுது" என்றாள் மெல்ல. "ஜன்னல் கம்பி தெரியுது, மாவுக்கு உள்ளால."

"கிழியலயா?"

"கிழியல. நீயே வந்து பாரு. கன்னத்துல வேணாலும் வைக்கறேன்." அவள் துண்டை ஏந்திக்கொண்டு அவனை நோக்கி வந்தாள். அவன் சுவரோடு ஒட்டிக்கொண்டான்.

"வேண்டாம். நீ சொல்லு. வந்துடுச்சா?"

கொன்சு தொட்டியிடம் திரும்பிப் போனாள். கையை மாவின் மேல் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். "வந்துடுச்சுன்னுதான் நெனைக்கிறேன்" என்றாள்.

மறுபடியும் அந்த வார்த்தை. பாஸ்கோல் உதட்டைக் கடித்துக்கொண்டான். "மூடி வை" என்றான்.

ரொட்டி அடுப்பில் இருந்தபோது எஸ்மெரால்டா டீச்சர் வந்தாள். பூசையிலிருந்து நேராக, கையில் ஜெபமாலையோடு வந்திருந்தாள். பாஸ்கோலைப் பார்க்கவில்லை. கொன்சுவைத்தான் கேட்டாள்.

"தோல் பிரிவுல எப்போலேருந்து பல்லு பிடுங்கறாங்க?"

கொன்சு முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பொய் சொல்ல அவளுக்குத் தெம்பு இல்லை. "இவன் விரல் மரத்துப்போச்சு, டீச்சர். நாங்க வேற எதையோ நெனச்சுப் பயந்துட்டோம். டாக்டரம்மா அது இல்லன்னு நெனைக்கிறாங்க. ரிப்போர்ட் அடுத்த வாரம் வருது. இன்னிக்கு மாவை அவன் தொடல. நான்தான் பிசைஞ்சேன். நம்பினா நம்புங்க. நம்பலன்னா ஃபாதர்கிட்ட சொல்லிடுங்க, ரொட்டி வேணாம்னு."

டீச்சர் ஜெபமாலையை விரலில் சுற்றி, அவிழ்த்து, மறுபடி சுற்றினாள். திரும்பிக் கோயில் பக்கம் நடந்தாள்.

"சொல்லப் போறா" என்றான் பாஸ்கோல்.

"சொல்லட்டும். கருகுது, எடு... இல்ல, நீ எடுக்காத. லொரேன்!"

விருந்துப் பந்தலில் நீள மேசைகள் போட்டிருந்தார்கள். லொரேன் கூடை கூடையாக ரொட்டியைக் கொண்டுபோய் வைத்தான். பாஸ்கோலும் கொன்சுவும் பந்தல் கால் ஓரமாக நின்றார்கள். ஃபாதர் இரண்டாவது மேசையில் இருந்தார். அவர் பக்கத்தில் டீச்சர். அவள் குனிந்து ஃபாதரின் காதில் ஏதோ சொன்னாள். ஃபாதர் தலையைத் திருப்பி பாஸ்கோலைப் பார்த்தார். பாஸ்கோல் பந்தல் மூங்கிலைப் பிடித்துக்கொண்டான்.

டீச்சர் கூடையிலிருந்து ஒரு ரொட்டியை எடுத்தாள். இரண்டாகப் பிய்த்தாள். அது உதிரவில்லை, இழை இழையாகப் பிரிந்தது. பன்றிக்கறிக் குழம்பில் தோய்த்து வாயில் வைத்து மென்றாள். நிதானமாக, பரீட்சைத் தாள் திருத்துகிறவள்போல மென்றாள். பிறகு மேசைக்கு அப்பாலிருந்து உரக்கச் சொன்னாள்:

"கொன்சு! உப்பு கம்மி!"

ஃபாதரும் ஒன்றை எடுத்துப் பிய்த்தார். மேசை முழுக்கக் கைகள் கூடைகளுக்கு நீண்டன. கொன்சு தலையைக் குனிந்துகொண்டு சேலை முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

"என்ன சொன்னாங்க ஃபாதர்கிட்ட?" என்று பாஸ்கோல் அன்று மாலை டீச்சரைக் கேட்டான். "உன் உடம்புக்காக ஒரு பூசை வைக்கச் சொன்னேன். வேற என்ன சொல்வேன்னு நெனச்ச?" என்றாள் அவள். அவன் என்ன நினைத்தான் என்பது இரண்டு பேருக்குமே தெரியும்.

அடுத்த வாரம் ரிப்போர்ட் வந்தது. அந்த வியாதி இல்லை. மணிக்கட்டு நரம்புதான். இத்தனை வருடம் மாவைத் தள்ளித் தள்ளியே நசுங்கியிருந்தது. டாக்டரம்மா சொன்னதை பாஸ்கோல் மூன்று தரம் திருப்பிச் சொல்லச் சொன்னான். அவளும் அலுக்காமல் சொன்னாள். அறையை விட்டு வெளியே வந்தவன், தாழ்வாரத்தில் அறிமுகமே இல்லாத ஒரு கிழவரின் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினான். அவர் பயந்துபோய்த் தன் மகளைக் கூப்பிட்டார்.

மணிக்கட்டில் அறுவை செய்தார்கள். மழைக்காலம் தொடங்கும்போது நடுவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் உணர்ச்சி மெல்லத் திரும்பியது. எறும்பு ஊர்வதுபோல் ஆரம்பித்ததாம். கட்டை விரல் நுனி மட்டும் பாதியோடு நின்றுவிட்டது. இனி தனியாகப் பிசையக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால் தொட்டியின் ஒரு பக்கம் அவனும் மறுபக்கம் கொன்சுவும் நிற்கிறார்கள்.

இப்போது தொந்தரவு வேறு. ஒரே மாவுக்கு இரண்டு தீர்ப்பு. அவன் "போதும்" என்பான். அவள் ஒரு துண்டைக் கிள்ளி ஜன்னலில் பிடித்து, "இன்னும் வரல" என்பாள். "எனக்குச் சொல்லித் தர்றியா?" என்று இவன் ஆரம்பிப்பான். வாசலில் சைக்கிளோடு நிற்கும் லொரேன் ஹாரனை அமுக்கிக்கொண்டே, "ரெண்டு பேரும் ஒரு முடிவுக்கு வாங்கப்பா, ஊரு பட்டினியா கெடக்குது" என்று கத்துவான். பெரும்பாலும் கொன்சு சொல்வதுதான் நிற்கிறது. ரொட்டி நன்றாகவே வருகிறது.